பேரும் அரைப்பேரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கைத்தொழிற் புரட்சியும் மனித வாழ்வும்" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. மிஷன் பாடசாலையிலும் பின்னர் பல்கலைக்கழகத்திலும் நாம் இதைப் படித்தபோது, நீராவி இயந்திரம், பஞ்சாலை, மான்செஸ்டர் நகரம் என்று எல்லாமே கடலுக்கு அப்பாலுள்ள சங்கதிகளாகவே தோன்றின. பச்சைப் பசேலென்ற பூனாகலை மலையிலே பிறந்த நமக்கும் அந்தப் புகைபோக்கிகளுக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்தோம். வீட்டுக்கு விடுமுறையில் வந்த பின்னரே உண்மை விளங்கிற்று. அந்தப் பாடத்தின் ஓர் அத்தியாயம் நம்முடைய லயத்து வாசலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

சிறு வயதில் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்ததும் நாம் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். "அம்மா, இன்றைக்குப் பேரா, அரைப்பேரா?" இங்கு கூடியிருப்போரில் இந்தக் கேள்வியைக் கேளாதவர் மிகச் சிலரே இருப்பர். பேர் என்றால் ஒருநாட் சம்பளம். குறித்த நிறைக் கொழுந்தைக் கொடுத்தால் பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். தாய் தந்தையர் தெய்வ சந்நிதியில் மனமுவந்து சூட்டுவது பேர். அந்தச் சொல்லே கூலியின் அளவாகி, தராசில் ஏறி, பாதியாக வெட்டவும் படுகின்றது. இது எப்படி நேர்ந்தது? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

ஆலைகள் தோன்றுவதற்கு முன்னும் மனிதன் உழைத்தான், கடுமையாகவே உழைத்தான். அறுபத்து மூவரில் ஒருவரான நேச நாயனார் நெசவாளர். அவர்போன்ற ஒரு நெசவாளருக்குத் தறி அவருடையது. நூலை எப்போது பாவில் ஏற்றுவது, எப்போது எழுந்து கோயிலுக்குப் போவது என்பதும் அவருடைய தீர்மானம். ஏழ்மை இருந்தது, ஆனால் கருவியும் நேரமும் தொழில் நுணுக்கமும் உழைப்பவனிடமே இருந்தன.

1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் குரொம்போர்ட் என்னுமிடத்தில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பார் நீர்ச்சக்தியால் இயங்கும் நூல் நூற்கும் ஆலையை நிறுவினார். ஆலைக்கு அருகே தொழிலாளருக்கு வரிசையாக வீடுகளும் கட்டினார். அன்று முதல் மூன்று மாற்றங்கள் உலகெங்கும் பரவத் தொடங்கின. கருவி உழைப்பவன் கையை விட்டு முதலாளியின் கட்டடத்துக்குள் சென்றது. சூரியனைப் பார்த்து உழைத்தவன் மணியோசைக்கு எழலானான். ஒரு பொருளை முழுமையாகச் செய்தவன் அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்பவனானான். 1913ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி போர்ட் தம் தொழிற்சாலையில் மோட்டார் வண்டியை நகர்த்தி, தொழிலாளியை ஓரிடத்தில் நிறுத்தினார். அதற்கு முன் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த பூட்டு வேலை ஒன்றரை மணித்தியாலமளவில் முடிந்தது. இதைத்தான் பெருந்தொகை உற்பத்தி என்கின்றார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். இம்மலைநாட்டில் முதலில் கோப்பியே பயிரானது. கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்களுக்கே ஆட்கள் பெருந்தொகையாக வேண்டும். ஆகவே நம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867இல், ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அண்மையில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தம் பங்களா விறாந்தையிலே மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் உலர்த்தினார். 1873இல் இங்கிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலை வெறும் 23 றாத்தல்.

கையால் உருட்டிய அந்த விறாந்தைத் தேயிலை உலகச் சந்தையைப் பிடித்திருக்க முடியாது. சந்தையைப் பிடித்தவை இயந்திரங்களே. வில்லியம் ஜாக்சன் அமைத்த உருட்டும் இயந்திரமும், சாமுவேல் டேவிட்சன் 1877இல் அமைத்து, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் பெருமளவில் உற்பத்தி செய்த 'சிறொக்கோ' உலர்த்தும் இயந்திரமும் தோட்டத்து ஸ்டோருக்குள் புகுந்தன. பலருடைய முழங்கைகள் நாள் முழுதும் செய்த வேலையை ஒரு ரோலர் சிறிது நேரத்தில் செய்தது.

இயந்திரத்துக்குத் தோழனாக இருப்புப் பாதை வந்தது. 1893இல் புகையிரதம் அப்புத்தளையை அடைந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளையை அடைந்தது. தெமோதரை வளையத்தைச் சுற்றி 1924இல் பதுளைக்கு வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்தார். நமக்கு மேற்கே தம்பேதென்ன தோட்டத்தை வாங்கி, அங்கே தொழிற்சாலையும் எழுப்பினார். அவர் தோட்டக்காரர் அல்லர். கிளாஸ்கோ நகரில் கடை வைத்தவர். எங்கே வாங்கினாலும் ஒரே நிறை, ஒரே சுவை, ஒரே அடையாளம் என்று தேயிலையைப் பொட்டலத்தில் அடைத்து, விலையைக் குறைத்து, சீமையிலே கூலி வேலை செய்பவனும் வாங்கும்படி செய்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளியின் களைப்பைத் தீர்த்த கோப்பை இங்கே நம் பாட்டிமாரின் களைப்பிலிருந்து பிறந்தது. இரு பக்கத்துத் தொழிலாளரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இலங்காஷயர் இயந்திரத் துணி இந்தியக் கைத்தறி நெசவாளரின் பிழைப்பைப் பறித்தது. நம் மலையில் நடந்ததோ வேறு. ஸ்டோரில் இயந்திரம் புகுந்தது. மலையிலோ கொழுந்தைக் கையாலேதான் பறிக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். ரோலரின் வேகம் கூடக் கூட, கொழுந்துக்கு அதன் பசியும் கூடிற்று. கைகள் இன்னும் இன்னும் தேவைப்பட்டன. கோப்பியைப் போலன்றித் தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்க்கின்றது. ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்க வேண்டும். வந்துபோன கூட்டம் நிலைத்த சமுதாயமானதற்குத் தேயிலைச் செடியும் ரோலரும் சேர்ந்தே காரணம். அவை இரண்டும் சேராதிருந்தால் பூனாகலையில் நாமும் இல்லை, இம்மன்றமும் இல்லை.

பறித்த கொழுந்து காத்திருக்காது, சூடேறிக் கெட்டுவிடும். அன்றைய கொழுந்து அன்றே ஸ்டோரின் மேல்மாடிக்குப் போய், இரவெல்லாம் வாடி, விடியற்காலையில் உருண்டு, நிறம் மாறி, அடுப்பில் உலர்ந்து, சல்லடையில் தரம் பிரிய வேண்டும். இந்தக் கணக்கு பங்களாவில் தொடங்கி மலைவரை நீண்டது. விடியற்காலையில் தப்பு முழங்கினால் பிரட்டுக் களம். பின்னர் நிரை பிரித்து மலையேற்றம். குறித்த வேளைகளில் மடுவத்தில் நிறுவை. கங்காணிக்கு மேல் கணக்கப்பிள்ளை, அவருக்கு மேல் கண்டாக்கையா, அவருக்கு மேல் துரை. போர்ட் வண்டியை நகர்த்தித் தொழிலாளியை நிறுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இங்கு தொழிலாளியை நிரையில் நகர்த்தி மலையையே ஓர் ஆலையாக்கியிருந்தனர். அதற்குக் கூரையும் சுவரும் இல்லாததால் பார்ப்போர் அதைத் தோட்டம் என்றனர்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. 1914இல் போர்ட் தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்று அறிவித்தார். காலப்போக்கில் தாம் பூட்டிய வண்டியைத் தாமே வாங்கும் நிலை அவர்களிற் பலருக்கு வந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்தை உலகமே தேடி வாங்குகின்றது. நம் லயத்து அடுப்பில் கொதிப்பதோ பெரும்பாலும் தூள்தான். செய்பவனுக்கும் செய்த பொருளுக்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்த தொழில்கள் உலகில் அதிகமில்லை.

பெரியோர்களே, ஆலைமுறை உழைப்பை மட்டும் மாற்றவில்லை. உழைப்பவனின் சுதந்திரத்தையும் அது தொட்டது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டில் ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் நம் முன்னோரோடு போயிற்று. 1921இல்தான் துண்டுமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பேர் 1984 வரை கிடைக்கவில்லை. ஸ்டோரைத் தாங்கியது பெண்களின் கூடை. குறைந்த பேரும் பெண்களுக்கே.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் நம்மவர் பேர் தவறாமல் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்துக்கும் பின்னர் நாட்டின் வாக்காளர் இடாப்பில் அவர்களுட் பெரும்பாலோருக்குப் பேர் இல்லை. உழைக்கும்போது பேர் உண்டு. வாக்களிக்கும்போது பேர் இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம் சமுதாயம் தொகையாகப் பங்கிடப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். பண்டாரவளைப் புகையிரத நிலையத்தில் உறவினரை அனுப்பிவிட்டு அழுத நினைவு இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் பலருக்கு உண்டு. பிரசாவுரிமைச் சிக்கலை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆயினும் இக்கதை துன்பக்கதை மட்டுமன்று. ஆலைமுறை ஆட்களை ஒன்று சேர்த்தது, சேர்ந்தவர்கள் சிந்திக்கலானார்கள். பல ஊர்களிலிருந்தும் பல குலங்களிலிருந்தும் வந்தோர் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருந்தனர். பிரட்டுக்கு அடித்த அதே தப்பு மாரியம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் முழங்கிற்று. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டில் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தாமே தெரிந்து நிர்வாகத்தோடு பேசினர். நம் ஊவா மண்ணிலே, எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாதிருந்த மக்கள் செய்த காரியம் இது. அவர்களைத் தராசு நிறுத்திருக்கலாம். அவர்களுடைய பேரை அதனால் பாதியாக்க முடியவில்லை.

அந்தப் பெரியோர் பாதியில் விட்டுச்சென்ற காரியங்களில் முதன்மையானது நிலமும் வீடும். குரொம்போர்ட் ஆலைமுதலாளி வீடு கட்டியதுபோல இங்கும் தோட்டக்காரர் லயம் கட்டினர். நோக்கம் ஒன்றே: தொழிலாளி வேலைக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. உடையவர் மாறியும் லயம் லயமாகவே நின்றது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் நம் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. மீரியபெத்தையில் வீடிழந்தோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் தங்க நேர்ந்தது. ஓர் ஆலைக்காகக் கட்டிய லயம் புதைந்தபின் ஆலைக்குள்ளேயே குடியிருந்த மக்களின் நிலையை நாம் மறத்தலாகாது. சொந்த நிலத்தில் பாதுகாப்பான வீடு என்பது தயவல்ல, உரிமை.

இனி இளைஞர்களுக்கு. ஸ்டோரோடு நின்ற இயந்திரம் இப்போது மலைமேல் ஏறத் தொடங்கியிருக்கின்றது. கொழுந்து வெட்டும் கத்தரியும் மோட்டார் இயந்திரமும் சில தோட்டங்களில் வந்துவிட்டன. இதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. 1811இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் பின்னல் தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். 2023இல் கென்யா நாட்டின் கெரிச்சோ பகுதியில் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களுக்குத் தீயிட்டனர். இரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள், அச்சம் ஒன்றே. அவர்களை மூடர் என்று நாம் சொல்லமாட்டோம். இயந்திரம் முதுகுக் கூடையின் பாரத்தைக் குறைக்குமானால் அதை வரவேற்கும் முதல் ஆள் நம் தாயாகவே இருப்பாள். இயந்திரத்தால் மிஞ்சும் நேரமும் பணமும் யாருக்குப் போகும், அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கப்படுபவர் யார், அது வந்தபின் வேலை இழப்பவருக்கு வழி என்ன என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள்.

வேறு வழியே இல்லை, தேயிலை என்றால் பெருந்தோட்டமும் லயமும்தான் என்று சொல்வார்கள். அது உண்மையன்று. இன்று இலங்கைத் தேயிலையில் நான்கில் மூன்று பங்களவு சிறுதோட்டச் சொந்தக்காரரின் நிலத்திலிருந்தே வருகின்றது. அவர்கள் தம் கொழுந்தைத் தாமே பறித்துத் தொழிற்சாலைக்கு விற்கின்றார்கள். அவர்களுக்கும் கஷ்டங்கள் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டில் அரைப்பேர் என்ற சொல் இல்லை. ஆகவே தேயிலைச் செடி நம்மை லயத்தில் கட்டிவைக்கவில்லை. மனிதர் செய்த ஏற்பாடே கட்டிவைத்தது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

நம் வயதினர் பலர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றனர். போவதைக் குற்றமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை; நாமும் போனவர்களே. அங்கும் மணியடிக்கின்றது, அங்கும் நாளொன்றுக்கு இத்தனை உருப்படி என்று கணக்குண்டு. நிரையிலிருந்து நிரைக்கு மாறுவதை முன்னேற்றமென்று எண்ணி ஏமாறாதிருப்போம். எங்கே சென்றாலும் தன் கூலியின் கணக்கைத் தானே வாசிக்கத் தெரிந்தவனையும், தான் இயக்கும் இயந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்தவனையும் எளிதில் அரைப்பேராக்க முடியாது.

ஆகையால் நம் மன்றம் இவ்வாண்டு மூன்று காரியங்களை மேற்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் கூடி, சம்பளச் சீட்டைத் தாய்மார்களுக்கு வரிவரியாக வாசித்து விளக்குவது. எது கழிக்கப்பட்டது, எத்தனை பேர் விழுந்தது என்பதை அவர்களே அறியச் செய்வது. இரண்டாவது, தொழில்நுட்பக் கல்லூரிகளில் இயந்திரப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உதவுவது. முக்கியமாக நம் சகோதரிகளை அனுப்புவது. மலையில் இயந்திரம் வரும் நாளில் அதைத் தோளில் தூக்குபவராக மட்டுமன்றி, பழுது பார்ப்பவராகவும் அவர்கள் இருக்க வேண்டும். மூன்றாவது, பெரியோரின் நினைவுகளை எழுதிவைப்பது. துண்டு, தலைக்காசு, பிரட்டு, நிரை என்ற சொற்களின் பொருளை அறிந்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகின்றார்கள். அந்தச் சொற்களுக்குள்ளேதான் நம் சரித்திரம் இருக்கின்றது.

ஆயுத பூசையன்று கூடைக்கும் கத்திக்கும் பொட்டு வைத்து வணங்குகின்றோம். கருவியை வணங்குவது அதற்கு அடிமையாவதற்காக அன்று; அது நமக்கு நன்மை செய்யும் துணையாக இருக்கவேண்டும் என்பதற்காக. ரோலருக்கும் அந்தப் பொட்டு உரியதே. அதைச் சுற்றுபவரும் அதற்குக் கொழுந்து கொண்டுவருபவரும் முழு மனிதராக மதிக்கப்படும் நாளில் நம் பூசை நிறைவு பெறும்.

வருங்காலத்தில் பூனாகலைப் பிள்ளைகள் மாலையில் தம் தாயைப் பார்த்து "இன்றைக்குப் பேரா, அரைப்பேரா?" என்று கேட்கும் தேவை இல்லாமற் போகட்டும். பேர் என்றால் அவர்களுக்குத் தாயின் பேர் மட்டுமே நினைவுக்கு வரட்டும். அதற்கு இளைஞர்களாகிய நாம் உழைப்போம். பெரியோர்கள் வழி காட்டுங்கள்.